மணியாச்சிக் கைத்துப்பாக்கியும் இரும்பின் வயதும்

1911 ஜூன் 17, முற்பகல். திருநெல்வேலி கலெக்டர் ராபர்ட் வில்லியம் டி'எஸ்கோர்ட் ஆஷ், மனைவியுடன் கொடைக்கானலுக்குப் புறப்பட்டு, மணியாச்சி சந்திப்பில் முதல் வகுப்புப் பெட்டியில் காத்திருந்தார். தூத்துக்குடியிலிருந்து போட் மெயில் வர வேண்டியிருந்தது. செங்கோட்டையைச் சேர்ந்த வாஞ்சிநாதன் அந்தப் பெட்டிக்குள் ஏறி அவரைச் சுட்டார். நடைமேடையில் ஓடிக் கழிப்பறைக்குள் புகுந்து தன்னையும் சுட்டுக்கொண்டார். அவர் உடலருகே கிடைத்தது பெல்ஜியத்தில் செய்த பிரௌனிங் கைத்துப்பாக்கி.

தென்காசி வட்டாரத்தில் இந்த வரலாறு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கும் தெரியும். வாஞ்சிநாதன் சேர்ந்திருந்த, நீலகண்ட பிரம்மச்சாரி தொடங்கிய பாரத மாதா சங்கம் என்ற ரகசியப் புரட்சி அமைப்பின் கூட்டம் ஒன்று 1910 ஏப்ரலில் தென்காசியில் மடத்துக்கடை சிதம்பரம் பிள்ளையின் வீட்டில் நடந்தது என்று ஆஷ் கொலை வழக்கில் சாட்சியம் வந்தது. 14 பேர் மீது நடந்த அந்த வழக்கில் 9 பேர் தண்டனை பெற்றார்கள். நீலகண்ட பிரம்மச்சாரிக்கு 7 ஆண்டு. ஆட்களைப் பற்றி இவ்வளவு எழுதியிருக்கிறோம். அந்தக் கைத்துப்பாக்கிக்கு அன்றைக்கு என்ன வயது என்ற கேள்வியை யாரும் பெரிதாகக் கேட்டதில்லை. கேட்டுப் பார்த்தால், பழைய ஆயுதங்களின் வயதைக் கணிக்கும் கலை முழுவதும் அந்த ஒரு கேள்விக்குள் அடங்கியிருப்பது தெரியும்.

இந்தக் கட்டுரை அந்தக் கலையைப் பற்றியது. காவல் நிலையத்து ஆயுத அறையிலும் நீதிமன்றத்துச் சான்றுப்பொருள் அறையிலும் ஓய்ந்து கிடக்கும் ரிவால்வர்கள் எந்த ஆண்டு பிறந்தவை, எந்தெந்தக் கைகளைக் கடந்தவை என்று இரும்பைக் கொண்டே சொல்ல முடியும். அந்த இரும்போடு ஒட்டியிருக்கும் காகிதத்தையும் சேர்த்துப் படித்தால்தான் முடியும்.

கீழெல்லை, மேலெல்லை

வயதுக் கணிப்பு என்பது ஒரே ஓர் ஆண்டைச் சுட்டிக்காட்டுவது என்று பலர் நினைக்கிறார்கள். நடைமுறையில் அது இரண்டு எல்லைகளுக்கு நடுவே ஒரு பொருளை நிறுத்துவது. இதற்கு முன் இது பிறந்திருக்க முடியாது என்பது கீழெல்லை. இதற்குப் பின் பிறந்திருக்க முடியாது என்பது மேலெல்லை. ஒவ்வொரு புதிய சான்றும் இந்த இரண்டு கோடுகளையும் நெருக்கிக் கொண்டுவரும்.

மணியாச்சிக் கைத்துப்பாக்கியை வைத்தே பார்ப்போம். அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தைச் சேர்ந்த ஜான் மோசஸ் பிரௌனிங் வடிவமைத்த கைத்துப்பாக்கிகளை, பெல்ஜியத்தில் லியேஜ் நகருக்கு அருகே ஹெர்ஸ்டால் என்ற ஊரில் 1889-ல் தொடங்கிய எஃப்.என். ஆலை செய்தது. 1911-க்குள் புழக்கத்துக்கு வந்துவிட்ட முக்கிய மாதிரிகள் மூன்று: 7.65 மி.மீ. தோட்டா போடும் 1900 மாதிரி, 9 மி.மீ. தோட்டா போடும் 1903 மாதிரி, சட்டைப் பைக்குள் அடங்கும் 6.35 மி.மீ. அளவிலான 1906 மாதிரி. 'பெல்ஜியம் பிரௌனிங்' என்ற இரண்டு சொற்கள் மட்டும் கையில் இருந்தால் கீழெல்லை 19-ஆம் நூற்றாண்டின் கடைசி. தோட்டாவின் குறுக்களவு தெரிந்துவிட்டால் அந்தக் கோடு சட்டென்று மூன்று ஆண்டோ ஆறு ஆண்டோ மேலே நகரும்.

மேலெல்லை எங்கிருந்து வருகிறது? 1911 ஜூன் 17 என்ற தேதியிலிருந்து. அந்தத் தேதி துப்பாக்கியின் எந்தப் பாகத்திலும் பொறித்திருக்கவில்லை. காவல்துறையின் பதிவிலும் நீதிமன்றத்தின் பதிவிலும் இருக்கிறது. இரும்பு கீழெல்லையைச் சொல்கிறது. காகிதம் மேலெல்லையைச் சொல்கிறது. காகிதத்தைப் பிரித்தெடுத்துவிட்டால், அதே துப்பாக்கி லட்சக்கணக்கில் செய்து விற்ற ஒரு சரக்கில் ஒன்றாகிவிடும். சேகரிப்போர் முதலில் மனதில் நிறுத்த வேண்டியது இதைத்தான்.

போலீஸ் கைக்கு ரிவால்வர் வந்த வழி

பிரௌனிங், சுட்ட வேகத்தைக் கொண்டே அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்ளும் வகை. ஒவ்வொரு முறை சுடும்போதும் வெற்றுத் தோட்டாக் கூட்டை வெளியே எறிந்துவிடும். ரிவால்வர் வேறு ஏற்பாடு. ஐந்து அல்லது ஆறு அறைகள் கொண்ட உருளை ஒன்று, விசையை இழுக்கும்போதெல்லாம் ஓர் அறை அளவுக்குச் சுழன்று, அடுத்த தோட்டாவைக் குழலுக்கு நேரே கொண்டுவந்து நிறுத்தும். வெற்றுக் கூடுகள் உருளைக்குள்ளேயே தங்கும். ஒரு தோட்டா வெடிக்காமல் போனால், விசையை மறுபடி இழுத்தால் போதும். அடுத்த அறை வந்து நிற்கும். மாதக்கணக்கில் உறையிலேயே கிடந்து, ஆபத்து நேரத்தில் மட்டும் வெளியே வரும் போலீஸ் ஆயுதத்துக்கு இந்தக் குணம்தான் தேவைப்பட்டது.

ரிவால்வரும் காவல்துறையும் சேர்ந்த கதை அயர்லாந்தில் தொடங்குகிறது. அங்கிருந்த ராயல் ஐரிஷ் கான்ஸ்டபுலரி என்ற காவல் படை 1868-ல் பர்மிங்காம் நகரத்து வெப்ளி நிறுவனத்தின் ரிவால்வரை ஏற்றுக்கொண்டது. அந்த மாதிரிக்கே 'ஆர்.ஐ.சி.' என்ற பெயர் நிலைத்துவிட்டது. இந்தியாவில் ஆங்கிலேயர் அமைத்த காவல் படைகளுக்கும் அதே ஐரிஷ் படைதான் முன்மாதிரி. சென்னை மாகாணத்தில் 1859-ஆம் ஆண்டின் 24-ஆவது சட்டம் அப்படி ஒரு படையை உண்டாக்கியது. படையின் அமைப்பு வந்த வழியிலேயே வெப்ளியும் வந்தது.

ஆனால் எல்லாருக்கும் ரிவால்வர் கிடைத்துவிடவில்லை. கான்ஸ்டபிள் கையில் லத்தி. ஆயுதப் படைக்காரர் தோளில் நீளத் துப்பாக்கி. கல்கத்தாவுக்கு அருகே இச்சாப்பூர் தொழிற்சாலையில் ராணுவ ரைபிள்களை .410 அளவில், புரியில்லாத வழவழப்புக் குழலோடு, ஒற்றைத் தோட்டா மட்டும் ஏற்றக்கூடியதாக மாற்றிப் போலீசுக்கும் சிறைக் காவலருக்கும் கொடுத்தார்கள். ரிவால்வர் அதிகாரிகளின் இடுப்பில் இருந்தது. அதனால்தான் பழைய ரிவால்வர் ஒன்று அகப்பட்டால், எந்தப் பதவியில் இருந்தவர் கையில் இது இருந்திருக்கும் என்ற கேள்வியும் கூடவே எழுகிறது.

வெப்ளியின் பிறப்பு வரிசை நன்றாகப் பதிவானது. பிரிட்டிஷ் ராணுவம் ஏற்ற .455 அளவு ரிவால்வரின் முதல் 'மார்க்' (பதிப்பு) 1887-ல் வந்தது. இரண்டாவது 1894, மூன்றாவது 1897, நான்காவது 1899, ஐந்தாவது 1913, ஆறாவது 1915. முதல் உலகப் போரில் பெருமளவில் செய்த ஆறாவது மார்க் ஏறத்தாழ 1.1 கிலோ எடை. போர் முடிந்தபின், புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு இவ்வளவு கனமும் உதையும் ஆகாது என்று .38 அளவுக்கு இறங்கினார்கள். அந்த அளவில் அரசின் என்ஃபீல்டு ஆலை செய்த 'நம்பர் 2' ரிவால்வர் 1932-ல் வந்தது. வெப்ளி தன் பங்குக்கு .38 நான்காவது மார்க்கைப் போலீசுக்கும் ராணுவத்துக்கும் விற்றது. சிங்கப்பூர் போலீஸ் வாங்கிய வெப்ளிகளில், மற்ற வெப்ளிகளில் அரிதாகவே காணும் பாதுகாப்புத் தாழ் ஒன்று இருக்கும். அந்தத் தாழைக் கண்டால், இது எந்தக் கடற்கரைக்குப் போனது என்று ஊகிக்கலாம்.

சுதந்திரத்துக்குப் பின் கான்பூரில் அரசு ஆயுதத் தொழிற்சாலை செய்த .32 ரிவால்வரும் வெப்ளியின் நடு ஒடிப்பு அமைப்பைத் தழுவியதுதான். குழலை முன்பக்கமாக மடக்கினால் வெற்றுக் கூடுகள் ஒன்றாக மேலே தள்ளப்படும். 1868-ல் பர்மிங்காமில் தொடங்கிய உறவு இன்னும் முழுதாக அறுந்துவிடவில்லை.

முத்திரைகளைப் படிக்கும் முறை

ஐரோப்பாவில் செய்த துப்பாக்கி, கடைக்கு வருமுன் ஒரு சோதனைச் சாலைக்குப் போக வேண்டும். அங்கே வழக்கமான அளவைவிடக் கூடுதல் மருந்து வைத்துச் சுட்டுப் பார்ப்பார்கள். வெடிக்காமல் தாங்கினால் குழலிலும் உருளையிலும் முத்திரை குத்துவார்கள். லண்டன் துப்பாக்கிக் கைவினைஞர் சங்கம் 1637-லேயே அரச சாசனம் பெற்றது. பர்மிங்காம் சோதனைச் சாலை 1813-ல் பாராளுமன்றச் சட்டத்தால் அமைந்தது. லியேஜ் முத்திரையில் முட்டை வடிவக் கோட்டுக்குள் மூன்று எழுத்துகளும் ஒரு நட்சத்திரமும் இருக்கும்.

பயனாளரின் பாதுகாப்புக்காகக் குத்திய இந்த முத்திரைகள் இன்று நமக்குக் காலக் கணக்காகப் பயன்படுகின்றன. காரணம், விதிகள் மாறும்போதெல்லாம் முத்திரைகளும் மாறின. கருமருந்துக்குப் பதில் புகையில்லா மருந்து வந்தபோது, அதற்கென்று தனிச் சோதனையும் தனி முத்திரையும் தேவைப்பட்டன. பர்மிங்காமில் 1904-ஆம் ஆண்டு விதிகளில் அது இடம்பெற்றது. புகையில்லா மருந்துகளில் ஒன்றான கார்டைட்டை ஏபெல், டீவார் என்ற இரண்டு வேதியியலர் 1889-ல் உருவாக்கினார்கள். அதைச் செய்வதற்காக 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்த ஆலைதான் நீலகிரியின் அரவங்காட்டில் உள்ளது. பர்மிங்காம் முத்திரையில் நேர்ந்த ஒரு மாற்றத்துக்குப் பின்னே நம் மலைச்சரிவிலும் ஒரு தொழிற்சாலை நிற்கிறது.

பர்மிங்காம் 1921 முதலும் லியேஜ் 1922 முதலும் ஆண்டுக்கு ஓர் எழுத்து என்ற அடையாளத்தைச் சேர்த்தன. அந்த எழுத்து இருந்தால், சோதனை நடந்த ஆண்டு நேராகக் கிடைத்துவிடும். இல்லாமல் இருப்பதும் ஒரு சான்றுதான்: 1911-ல் பிடிபட்ட ஒரு பெல்ஜியக் கைத்துப்பாக்கி என்று யாராவது ஒன்றைக் காட்டி, அதில் லியேஜின் ஆண்டெழுத்தும் இருந்தால், அங்கேயே கதை உடைந்துவிடும்.

ராணுவத்துக்குச் செய்தவற்றில் வேலை இன்னும் எளிது. ஆறாவது மார்க் வெப்ளியின் சட்டகத்தில் ஆண்டே நான்கு இலக்கத்தில் பொறித்திருக்கும். என்ஃபீல்டு ரிவால்வரில் கிரீடம், ஆலையின் பெயர், மாதிரி, ஆண்டு என்று ஒன்றன்கீழ் ஒன்றாக வரும். அம்பு முனை போன்ற குறி பிரிட்டிஷ் அரசின் உடைமை என்று சொல்லும். அம்புக்குக் கீழே ஆங்கில 'ஐ' எழுத்து சேர்ந்தால் இந்திய அரசின் உடைமை. இரண்டு அம்புகள் முனையோடு முனை பார்த்தபடி இருந்தால், அரசுப் பணியிலிருந்து விடுவித்து விற்றது என்று பொருள். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கா நேச நாடுகளுக்குக் கொடுத்த ஸ்மித் அண்டு வெசன் ரிவால்வர்களின் வரிசை எண் 'வி' என்ற எழுத்தில் தொடங்கும். அது 1942-க்கும் 1945-க்கும் இடைப்பட்ட பிறப்பு.

இங்கே கவனம் தேவை. முத்திரை சொல்வது அது குத்தப்பட்ட பாகத்தின் வயதை. ரிவால்வரின் குழல், உருளை, சட்டகம் மூன்றும் தனித்தனியே கழற்றி மாற்றக்கூடியவை. பழைய சட்டகத்தில் புதுக் குழல் ஏற்றுவது ஆலைகளில் சாதாரணமாக நடந்த பழுதுபார்ப்பு. எனவே முதலில் பார்க்க வேண்டியது மூன்றிலும் ஒரே எண் இருக்கிறதா என்பது. எண்கள் வேறுபட்டால் ஒரே பொருளுக்கு இரண்டு மூன்று வயது இருக்கும், அவற்றைத் தனித்தனியே எழுதி வைக்க வேண்டும். ஆலைக்குத் திரும்பிப் போய் முழுப் பழுது பார்த்து வந்தவற்றில் 'எஃப்.டி.ஆர்.' என்ற முத்திரையும் அந்த ஆண்டும் இருக்கும். அது பிறந்த ஆண்டு ஆகாது. சந்தையில் ஏமாறுவோர் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் ஏமாறுகிறார்கள்.

முத்திரை பொய் சொன்னால் உலோகம் சொல்லும்

முத்திரையைப் போலியாகக் குத்திவிடலாம். ஒரு காலத்தின் தொழில்நுட்பம் முழுவதையும் போலி செய்வது கடினம்.

துப்பாக்கியின் கருநீலப் பளபளப்பை எடுத்துக்கொள்வோம். அது வண்ணப் பூச்சு கிடையாது. இரும்பின் மேற்பரப்பையே மேக்னடைட் என்ற கறுப்பு ஆக்சைடாக மாற்றிய மெல்லிய படலம். பழைய முறையில், அமிலக் கரைசல் தடவி மெல்லிய துரு ஏறவிட்டு, கொதிநீரில் போட்டு அந்தச் செந்துருவைக் கறுப்பாக மாற்றி, தேய்த்தெடுத்து, மறுபடி துரு ஏறவிடுவார்கள். நாள்கணக்கில் நடக்கும் வேலை அது. 1930-களில் காரத்தையும் நைட்ரேட் உப்புகளையும் கலந்து 140 டிகிரி செல்சியசை ஒட்டிக் கொதிக்கவைத்து, அரை மணி நேர அளவில் முடிக்கும் முறை பரவியது. உருப்பெருக்கியில் இந்த இரண்டு படலங்களும் வேறுவேறாகத் தெரியும். 1890-ஆம் ஆண்டின் துப்பாக்கி என்று சொல்லப்படுவதில் கொதிகாரப் படலம் இருந்தால், பின்னால் யாரோ புதுப்பித்திருக்கிறார்கள்.

திருகாணிகளும் பேசும். கூட்டல் குறி வெட்டுள்ள திருகாணிக்கு ஹென்றி பிலிப்ஸ் 1930-களில்தான் காப்புரிமை பெற்றார். விக்டோரியா காலத்து வெப்ளியில் அது ஒன்று இருந்தாலும், பழுதுபார்த்த கை நம் காலத்துக் கை. பிடியில் உள்ள பொருளும் அப்படியே: வால்நட் மரம், கெட்டி ரப்பர், பேக்கலைட். பேக்கலைட்டை லியோ பேக்கலண்ட் கண்டது 1907-ல். என்ஃபீல்டின் போர்க்காலப் பிடிகள் அந்த வகை.

மரப் பிடி இருந்தால் கதிரியக்கக் கார்பன் முறையில் வயது காணலாமே என்று கேட்பவர்கள் உண்டு. கீழடி, ஆதிச்சநல்லூர் என்று நாம் கேட்டுப் பழகிய முறை அது. ஆயினும் சுமார் 1650 முதல் 1950 வரையான காலத்துக்கு அது கைகொடுக்காது. அந்த நூற்றாண்டுகளில் காற்றிலிருந்த கார்பன்-14 அளவு ஏறி இறங்கியதால், ஒரே அளவீடு பல ஆண்டுகளுக்குப் பொருந்திவிடும். தொழிற்புரட்சிக்குப் பின் எரித்த நிலக்கரி, கார்பன்-14 இல்லாத பழங்காலக் கார்பனைக் காற்றில் கலந்து கணக்கை இன்னும் குழப்பியது. அந்த முறை ஒன்றே ஒன்றைத் திடமாகச் சொல்லும். 1950-களிலும் 60-களிலும் நடந்த அணுகுண்டுச் சோதனைகள் காற்றில் கார்பன்-14 அளவைத் திடீரென உயர்த்தின. அந்த உயர்வு மரத்தில் தெரிந்தால், அந்த மரம் சோதனைகளுக்குப் பின் வளர்ந்தது; 'நூறாண்டுப் பிடி' என்ற பேச்சு நிற்காது.

அழித்த எண்ணும் குழலின் கையெழுத்தும்

திருட்டுத் துப்பாக்கிகளில் வரிசை எண்ணை அரத்தால் ராவிவிடுவார்கள். பார்வைக்கு ஒன்றும் இருக்காது. ஆனால் எண்ணைக் குத்தியபோது, அச்சின் அழுத்தத்தில் மேற்பரப்புக்குக் கீழேயும் எஃகின் படிக அடுக்குகள் நசுங்கியிருக்கும். காகிதத்தில் அழுத்தி எழுதினால் அடுத்த தாளிலும் தடம் விழுவதைப் போல, பொறிப்பின் ஆழத்தைத் தாண்டியும் அந்த நசுக்கம் பரவியிருக்கும். தடயவியல் வேதியியலர் ராவிய இடத்தை மெருகேற்றி, காப்பர் குளோரைடு கலந்த அமிலத்தைத் தடவுவார்கள். நசுங்கிய உலோகம் மற்ற இடத்தைவிட வேறு வேகத்தில் கரையும். அந்த வேற்றுமையில் மறைந்த எண் சிறிது நேரத்துக்குக் கண்ணுக்குத் தெரியும். படமெடுத்துக்கொள்ள வேண்டியதுதான். எண் கிடைத்தால் ஆலைப் பதிவு, கிடைத்தால் விற்பனைப் பதிவு என்று நூல் பிடித்துப் போகலாம்.

குழலுக்குள் சுழலும் புரிகளும் ஓர் அடையாளம். எத்தனை புரி, எந்தப் பக்கம் திரும்புகிறது, அகலம் எவ்வளவு என்பது செய்த ஆலையைக் காட்டும். புரி வெட்டிய கருவி விட்டுச் சென்ற நுண்கீறல்களோ அந்த ஒரு துப்பாக்கிக்கே உரியவை. குண்டு வெளியேறும்போது அந்தக் கீறல்களைத் தன் உடலில் ஏந்திச் செல்லும். இரண்டு குண்டுகளை ஒரே பார்வையில் பக்கம் பக்கமாக வைத்துப் பார்க்கும் ஒப்பீட்டு நுண்ணோக்கியை, 1925-ல் நியூயார்க்கில் கால்வின் காடர்டும் பிலிப் கிராவெல்லும் இந்த வேலைக்குக் கொண்டுவந்தார்கள். இந்தியாவில் கல்கத்தா போலீஸ் 1930-ல் ஆயுத நிபுணர் ஒருவரை அமர்த்தியது. சென்னைக்கு அதைவிட மூத்த பெருமை ஒன்று உண்டு. நஞ்சுகளை ஆராயும் ரசாயனப் பரிசோதகர் அலுவலகம் 1849-லேயே இங்கே தொடங்கியது. இந்தியாவில் அதுவே முதல். எனினும் 1911-ல் மணியாச்சிக் குண்டையும் மணியாச்சிக் கைத்துப்பாக்கியையும் நுண்ணோக்கியில் பொருத்திப் பார்க்கும் அறிவியல் உலகில் எங்கும் முதிர்ந்திருக்கவில்லை. அன்றைய விசாரணை கண்ட சாட்சிகளையும் கடிதங்களையும் நம்பி நடந்தது.

குற்றாலத்துச் சாரலும் பழைய எஃகும்

வயதைக் கண்டுபிடித்தபின், அந்த வயதோடு அதைக் காப்பாற்ற வேண்டும். தென்காசி வட்டாரத்தில் இது தனிப் பிரச்சினை.

செங்கோட்டைக் கணவாயில் மேற்குத் தொடர்ச்சி மலை தாழ்ந்து வழிவிடுகிறது. ஜூன் முதல் ஆகஸ்டு வரை அரபிக் கடலின் ஈரக் காற்று அந்த வழியே நுழைந்து, தமிழ்நாட்டின் பிற பகுதிகள் வெயிலில் காயும்போது குற்றாலத்தில் சாரலாகத் தூறுகிறது. ஊருக்கெல்லாம் சுகம் தரும் அந்தப் பருவம் இரும்புக்குக் கேடு. காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 60 விழுக்காட்டைத் தாண்டினால், இரும்பின் மேல் கண்ணுக்குத் தெரியாத நீர்ப்படலம் படிந்து துருப்பிடித்தல் வேகமெடுக்கும். சாரல் நாள்களில் ஈரப்பதம் அந்தக் கோட்டுக்கு வெகு மேலே நிற்கும்.

பழைய துப்பாக்கிக்குள் இன்னொரு பகையும் ஒளிந்திருக்கிறது. அந்தக் காலத் தோட்டாவின் பற்றவைக்கும் மூடியில் பொட்டாசியம் குளோரேட்டு இருந்தது. வெடித்ததும் அது பொட்டாசியம் குளோரைடு என்ற உப்பாகிக் குழலுக்குள் படியும். எண்ணெய் இந்த உப்பைக் கரைக்காது, தண்ணீர்தான் கரைக்கும். அன்றைய சிப்பாய்கள் சுட்டு முடித்ததும் குழலில் வெந்நீர் ஊற்றிக் கழுவியதன் காரணம் இதுதான். சரியாகக் கழுவாத குழலில் அந்த உப்பு பல பத்தாண்டுகளுக்குப் பின்னும் இருக்கும். ஈரப்பதம் ஏறத்தாழ 84 விழுக்காட்டைத் தொட்டால், அது காற்றிலிருந்து நீரை உறிஞ்சித் தானே கரைசலாகிவிடும். சாரல் காலத்தில் தென்காசியிலோ குற்றாலத்திலோ பூட்டிய பீரோவுக்குள் கிடக்கும் பழைய ரிவால்வரின் குழலுக்குள் நடப்பது இதுவே. வெளியே பளபளப்பு இருக்கும்போதே உள்ளே புரிகள் அரித்துப் போகும். புரிகளோடு அந்தத் துப்பாக்கியின் கையெழுத்தும் போகும்.

துருவைக் கண்டதும் உப்புத்தாளைக் கையில் எடுப்பது இரண்டாவது கேடு. துரு, தான் தின்ற இரும்பைவிட அதிக இடத்தை அடைத்துக்கொண்டு வீங்கும். ஆழமில்லாத முத்திரையின் விளிம்புகள் பெரும்பாலும் அந்த வீக்கத்துக்குள்ளேயே பதிந்து நிற்கும். தேய்த்தால் துருவோடு முத்திரையும் கிளம்பிவிடும். கீழே எஞ்சிய பழைய கருநீலப் படலமும் போய்விடும். மேலே சொன்ன சான்றுகளில் பாதியை அரை மணி நேர உழைப்பில் அழித்துவிடலாம். உலர்ந்த மெல்லிய தூரிகையால் தூசி நீக்குவது, நடுநிலை எண்ணெயோ மெழுகோ மெலிதாகப் பூசுவது, தோல் உறையிலிருந்து வெளியே எடுப்பது, சிலிக்கா ஜெல் போட்ட காற்றுப் புகாப் பெட்டியில் ஈரப்பதத்தை 50 விழுக்காட்டுக்குக் கீழே வைப்பது – இவை போதும். தோல் உறையைப் பிரிக்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. தோல் பதனிடும் அமிலங்களும் உப்புகளும் அதில் தங்கியிருக்கும், ஈரத்தையும் அது பிடித்து வைக்கும்.

சட்டம் அனுமதிக்கும் சேகரிப்பு

இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் பழைய போலீஸ் ரிவால்வர்களைத் தனியாட்கள் சேகரிக்கிறார்கள். நம் நாட்டில் வழி வேறு. 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி, சுடக்கூடிய எந்தத் துப்பாக்கிக்கும் உரிமம் வேண்டும். 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் ஒருவர் இரண்டு துப்பாக்கிகளுக்கு மேல் வைத்திருக்க முடியாது; தாத்தா விட்டுச் சென்றதும் அந்தக் கணக்கில் சேரும். சட்டத்தின் 45-ஆவது பிரிவு, வழக்கொழிந்த மாதிரியாகவோ தொன்மை மதிப்புடையதாகவோ பழுதடைந்ததாகவோ உள்ள ஆயுதத்துக்கு விலக்கு அளிக்கிறது. ஆனால் பழுது பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் அதைச் சுடப் பயன்படுத்தவே முடியாது என்ற நிபந்தனையோடுதான். 'பழசு' என்பதால் மட்டும் விலக்கு வராது. 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டம் நூறாண்டு கடந்த கலைப் பொருள்களையும் வரலாற்றுப் பொருள்களையும் தொல்பொருளாகக் கருதுகிறது. தனியார் அவற்றை வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்ய முடியாது. வீட்டுப் பரணில் தாத்தா காலத்துத் துப்பாக்கி அகப்பட்டால் செய்ய வேண்டியது ஒன்றுதான்: கழற்றாமல், துடைக்காமல், விசையைத் தொடாமல் காவல் நிலையத்துக்குத் தகவல் சொல்லுங்கள். உள்ளே தோட்டா இருக்கக்கூடும். பழைய தோட்டாவும் வெடிக்கும்.

ஆகவே நம் நாட்டில் போலீஸ் ஆயுதங்களைச் சேகரிக்கும் கடமை பெரும்பாலும் அரசின் கடமை. கோயம்புத்தூரில் பழைய ஹாமில்டன் கிளப் கட்டடத்தில் 2018-ல் காவல்துறை அருங்காட்சியகம் திறந்தார்கள். சென்னை எழும்பூரில் பழைய போலீஸ் கமிஷனர் அலுவலகக் கட்டடம் 2021 செப்டம்பரில் தமிழ்நாடு காவல் அருங்காட்சியகமாகியது. இரண்டுமே நல்ல தொடக்கங்கள். தென்மாவட்டங்களில் இந்த வேலை மிச்சமிருக்கிறது. திருநெல்வேலியிலிருந்து பிரிந்து 2019 நவம்பரில் தென்காசி தனி மாவட்டமானது. ஒரு மாவட்டம் பிரியும்போது கோப்புகளும் கிடங்குப் பொருள்களும் இடம் மாறும். பொருள் ஓர் ஊருக்கும் அதன் பதிவேடு இன்னோர் ஊருக்கும் போய்ச் சேரும் ஆபத்து அப்போதுதான் மிகுதி.

பணிக்கு உதவாது என்று ஒதுக்கிய துப்பாக்கிகளை உருக்கி அழிப்பது நடைமுறை. பொதுப் பாதுகாப்புக்கு அது தேவையும்கூட. எல்லாவற்றையும் காட்சிக்கு வைக்க யாராலும் முடியாது. ஆனால் உலைக்குப் போகுமுன் ஒவ்வொன்றுக்கும் ஒரு பதிவு அட்டை போட முடியும். இரு பக்கப் படங்கள், குழல், உருளை, சட்டகம் மூன்றிலும் உள்ள எண்கள், எல்லா முத்திரைகளின் நெருக்கப் படங்கள், புரிகளின் எண்ணிக்கையும் திருப்பமும், பிடியின் பொருள், எந்த நிலையத்தில், எந்தப் பதிவேட்டின் எந்தப் பக்கத்தில் இருந்தது என்ற குறிப்பு. பயிற்சி பெற்ற ஒரு தலைமைக் காவலரும் உள்ளூர்க் கல்லூரியின் வரலாற்று மாணவர் ஒருவரும் சேர்ந்து உட்கார்ந்தால் ஒரு ரிவால்வருக்கு ஒரு மணி நேரம் ஆகலாம். எந்தத் துப்பாக்கியை வைத்துக்கொள்வது, எதை உருக்குவது என்பதையும் அந்த அட்டைகளைப் பார்த்துத்தான் தீர்மானிக்க வேண்டும்.

1908-ல் திருநெல்வேலியில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் நான்கு பேர் இறந்தார்கள். 1911-ல் மணியாச்சியில் ஒரு கலெக்டர் சுடப்பட்டார். இந்த மண்ணின் அரசியல் வரலாற்றில் துப்பாக்கி இரு பக்கத்துக் கைகளிலும் இருந்திருக்கிறது. யார் கையில் எது இருந்தது, அது எங்கே செய்யப்பட்டது, எந்த ஆண்டு, எந்த வழியாக இங்கே வந்தது என்று பொருளைக் கொண்டே நிறுவும்போது அந்த வரலாறு கேள்விப்பட்ட கதையிலிருந்து சோதித்தறிந்த செய்தியாக உயரும். அதற்கான அறிவியல் நம்மிடம் இருக்கிறது. வேண்டியது, அடுத்த சாரல் காலத்துக்குமுன் பெட்டியைத் திறந்து, துடைப்பதற்குமுன் எழுதி வைக்கும் ஒழுங்கு மட்டுமே.